எபிரேய வேதாகமத்தில் ‘கை’: புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

வேதாகமத்தில் வரும் உடல் உறுப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருதயத்தில்தான் தொடங்குவார்கள். அதைப் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதியாகிவிட்டது. புதிதாக வருகிறவருக்குக் கையே நல்ல வாசல் என்பது என் எண்ணம். எபிரேயத்தில் கைக்கான முதன்மைச் சொல் ‘யாத்’. பழைய ஏற்பாட்டில் 1600 தடவைக்கும் மேல் வருகிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அநேகமாகக் கண்ணில் படும். எபிரேயம் படித்திருக்க வேண்டியதில்லை; எழுத்துகளை அடையாளம் காணும் அளவுக்குப் பழகினாலே போதும்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ‘கை என்றால் வல்லமை’ என்று ஒரே வரியில் குறித்துக்கொண்டு படிக்கத் தொடங்காதீர்கள். யாத் எதைக் குறிக்கிறது என்பதை அதோடு சேர்ந்து வரும் வினைச்சொல்லும் முன்னொட்டும்தான் முடிவு செய்கின்றன. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த வினையையும் முன்னொட்டையும் கவனிக்கப் பழகுவதற்காகத்தான்.

முதல் படி: கருவிகள்

காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பைபிள் ஹப், புளூ லெட்டர் பைபிள், ஸ்டெப் பைபிள் ஆகிய மூன்று இணையதளங்களுமே இலவசம். ஏதாவது ஒன்றில் ஒரு வசனத்தைத் திறந்து ‘இன்டர்லீனியர்’ (மூலச்சொல்லோடு அதன் பொருளையும் சேர்த்துக் காட்டும்) பகுதிக்குப் போனால், ஒவ்வோர் எபிரேயச் சொல்லோடும் ஓர் எண் இருக்கும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட சொல்லடைவின் எண்கள் அவை. யாத் என்பதற்கு 3027. அதைச் சொடுக்கினால் அந்தச் சொல் வரும் எல்லா வசனங்களும் வரிசையாக வந்துவிடும்.

அந்தத் தளங்களில் பிரவுன்–டிரைவர்–பிரிக்ஸ் அகராதியின் பதிவும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். 1906இல் முழுமையாக வெளிவந்த நூல். பொருள்களை வகைபிரித்துக் காட்டுவதில் இன்றும் கைகொடுக்கும். ஆனால் எபிரேயத்துக்கு நெருங்கிய உறவான உகாரித் மொழியின் பலகைகள் சிரியாவின் ராஸ் ஷாம்ராவில் 1929இல்தான் கிடைத்தன. எனவே அண்டை மொழிகளோடு ஒப்பிட்டு அந்த அகராதி சொல்வதை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நான்கு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் எல்லாவற்றையும் ‘கை’ என்றோ ‘கரம்’ என்றோ சொல்லிவிடுகிறோம். எபிரேயத்தில் குறைந்தது நான்கு சொற்கள் உண்டு. யாத் என்பது கை. சில இடங்களில் மணிக்கட்டையும் முன்கையையும் சேர்த்தே குறிக்கும். ‘கஃப்’ உள்ளங்கை (3709). ‘ஸெரோவா’ புயம் (2220). ‘யாமின்’ வலதுகை (3225).

கஃப் குழிவான எதையும் குறிக்கும். உள்ளங்காலும் ஒரு கஃப்தான். எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தில் பிரபுக்கள் கொண்டுவரும் பொன் தூபகரண்டியும் கஃப்தான். வாங்கவும் ஏந்தவும் விரிக்கவும் பயன்படுகிற பகுதி என்பதால், ஜெபத்தில் விரிப்பது பெரும்பாலும் கஃப். ஆலயப் பிரதிஷ்டையின்போது சாலொமோன் வானத்துக்கு நேராக விரித்தது உள்ளங்கைகளைத்தான் (1 இராஜாக்கள் 8:22).

இப்போது ஏசாயா 1:15ஐத் திறந்து பாருங்கள். ‘உங்கள் கைகளை விரித்தாலும்’ என்ற இடத்தில் கஃப். ‘உங்கள் கைகள் இரத்தத்தினால் நிறைந்திருக்கிறது’ என்ற இடத்தில் யாத். ஒரே வசனத்தில் ஜெபிக்கிற கை வேறு சொல், செயல் செய்த கை வேறு சொல். தமிழில் இரண்டும் கைகளாகவே வந்துவிடுவதால் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகிறோம். எல்லா இடத்திலும் இந்த வேறுபாடு இவ்வளவு கச்சிதமாக இருக்காது. கவிதையில் இரண்டும் இணைச்சொற்களாகவும் வரும். ஆனாலும் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது நல்லது.

யாமின் பற்றிச் சுருக்கமாக: பழைய இஸ்ரவேலர் திசையைக் கிழக்கு நோக்கி நின்று கணக்கிட்டார்கள். எனவே வலது என்றால் தெற்கு, இடது என்றால் வடக்கு. பென்யமீன் என்ற பெயரில் இருப்பதும் இந்த யாமின்தான்.

மூன்றாம் படி: தமிழ்க் ‘கை’யை நம்பிவிடாதீர்கள்

தமிழ் வாசகர்களுக்கென்றே ஒரு பள்ளம் இங்கே காத்திருக்கிறது. நம் மொழியில் கை வினைகளோடு ஒட்டிக்கொண்டே கிடக்கிறது. ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற 22ஆம் சங்கீதத்தில் எபிரேய வினை ‘ஆசாவ்’. அதில் கை எதுவும் கிடையாது. கட்டளைகளைக் ‘கைக்கொள்ளுங்கள்’ என்று வரும் இடங்களில் ‘ஷாமர்’, காத்துக்கொள்வது. அங்கேயும் கை இல்லை. இந்த வசனங்களை வைத்துக்கொண்டு ‘கடவுள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார்’ என்று விரித்துச் சொல்வது தமிழாகக் கேட்க நன்றாக இருக்கும். எபிரேயத்தில் அதற்கு ஆதாரம் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான். எபிரேயத்தில் கை இருக்கும், தமிழில் இருக்காது. ஆகாய் 1:1இல் தீர்க்கதரிசியின் ‘மூலமாய்’ என்று படிக்கிறோமே, அது ‘பெயாத்’. சொல்லுக்குச் சொல், ‘கையில்’ அல்லது ‘கையால்’. எண்ணாகமம் 15:30இல் ‘துணிகரமாய்’ பாவம் செய்வது எபிரேயத்தில் ‘உயர்த்திய கையோடு’ செய்வது. அதே சொற்றொடர் யாத்திராகமம் 14:8இல் எகிப்தைவிட்டு இஸ்ரவேலர் புறப்படுவதற்கும் வருகிறது. அங்கே ‘பலத்த கையுடன்’ என்று தமிழில் இருக்கிறது. ஓர் இடத்தில் கலகம், இன்னோர் இடத்தில் விடுதலை. பார்வோனின் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் கலகம்தானே!

ஆகவே தமிழ் வேதாகமத்தில் ‘கை’ என்று தேடிப் பட்டியல் போட வேண்டாம். எண்ணை வைத்தே தேடுங்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் பழைய திருப்புதலையும் 1995இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால், எபிரேயக் கை தமிழில் எங்கெல்லாம் மறைந்துபோகிறது என்று வேகமாகப் பிடிபடும்.

நான்காம் படி: உறுப்பாக இல்லாத கைகளை ஒதுக்குங்கள்

பட்டியல் வந்ததும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. ஆற்றின் கை, வழியின் கை, வாசலின் கை என்றெல்லாம் வந்தால் அது ‘பக்கம்’, ‘ஓரம்’. ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளில் இருக்கும் கழுந்துகளும் (பொருத்துவதற்கான முளைகளும்) ‘கைகள்’தான் (யாத்திராகமம் 26:17). ஆதியாகமம் 43:34இல் யோசேப்பு பென்யமீனுக்குக் கொடுத்த ஐந்து மடங்கு உணவு, ஐந்து ‘கைகள்’. இந்த வகைகளில் பன்மையின் வடிவத்தைக் கவனியுங்கள். மனிதனின் இரு கைகள் என்றால் ‘யாதாயிம்’ என்ற இருமை வடிவம். கழுந்தும் பங்கும் என்றால் ‘யாதோத்’. அந்த வடிவம் வந்தால் பொதுவாக அது உடம்பில் உள்ள கை அல்ல.

நினைவுத்தூணும் யாத்தான். ஆண்பிள்ளை இல்லாத அப்சலோம் தனக்கென்று ஒரு தூணை நிறுத்திவைத்தான். அதற்கு ‘அப்சலோமின் யாத்’ என்று பெயர் (2 சாமுவேல் 18:18). சவுல் கர்மேலில் தனக்காக நாட்டியதும் ஒரு யாத் (1 சாமுவேல் 15:12). இந்தப் பின்னணியோடு ஏசாயா 56:5க்கு வாருங்கள். பிள்ளை பெற முடியாத அண்ணகர்களுக்கு, மகன்களையும் மகள்களையும்விட மேலான ‘யாத் வஷேம்’ தருவேன் என்கிறார் கடவுள். ஒரு நினைவுச்சின்னமும் ஒரு பெயரும். பழைய திருப்புதல் ‘இடத்தையும் கீர்த்தியையும்’ என்கிறது. யூத இனப்படுகொலையில் மாண்டவர்களுக்காக 1953இல் இஸ்ரேல் சட்டம் இயற்றி எருசலேமில் அமைத்த நினைவகம் யாத் வஷேம் என்ற பெயரை இந்த வசனத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

அடுத்த அதிகாரத்திலேயே, ஏசாயா 57:8இல், யாத் ஆணுறுப்புக்கான இடக்கரடக்கலாக வருகிறது என்பதே பெரும்பாலான உரையாசிரியர்களின் கருத்து. அண்ணகர்களுக்கு யாத் தருவதாகச் சொன்ன வாக்கில் இந்தப் பொருளும் அடியில் ஒலிக்கிறதா என்ற கேள்வியும் உண்டு. எனக்கு ஒலிப்பதாகத்தான் படுகிறது. ஆனால் நிரூபிக்க முடியாத விஷயம். உங்கள் குறிப்பேட்டில் ஒரு கேள்விக்குறியோடு எழுதிவையுங்கள்.

ஐந்தாம் படி: கை என்ன செய்கிறது?

மீதி இருப்பவற்றை வினையை வைத்துப் பிரியுங்கள். வேலை இங்கேதான் சூடு பிடிக்கும்.

கையை உயர்த்துவது ஆணையிடுவது. கர்த்தருக்கு நேராகக் கையை உயர்த்தியதாகச் சோதோமின் ராஜாவிடம் ஆபிராம் சொல்கிறான் (ஆதியாகமம் 14:22). யாத்திராகமம் 6:8இல் கடவுளே கையை உயர்த்துகிறார். தமிழில் ‘ஆணையிட்ட’ என்று படிப்போம். அதே கை ஒரு ராஜாவுக்கு எதிராக உயர்ந்தால் கிளர்ச்சி. வாயின்மேல் கை வைத்தால் இனி பேச்சில்லை என்று பொருள். யோபு 40:4 எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். பலியின் தலைமேலோ பதவிக்கு வருகிறவன்மேலோ கையை ஊன்றி வைப்பதற்கு ‘ஸாமக்’ என்ற தனி வினை இருக்கிறது. சும்மா தொடுவது அல்ல, சாய்ந்து அழுத்துவது.

கையை ‘நிரப்புவது’ தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. ஆரோனையும் அவன் பிள்ளைகளையும் ஆசாரியராக்கும்போது பழைய திருப்புதல் ‘பிரதிஷ்டை’ என்று சொல்லிவிட்டுப் போகிறது (யாத்திராகமம் 28:41). எபிரேயத்தில் அது ‘அவர்கள் கையை நிரப்புவாய்’. யாத்திராகமம் 29:22–24ஐப் படித்தால் காட்சியே கிடைக்கும்: ஆட்டுக்கடாவின் கொழுப்பு, வலது முன்னந்தொடை, ஓர் அப்பம், எண்ணெய் அப்பம், ஓர் அடை, எல்லாவற்றையும் மோசே எடுத்து ஆரோனின் உள்ளங்கைகளிலும் அவன் பிள்ளைகளின் உள்ளங்கைகளிலும் வைக்கிறான். அந்த ஆட்டுக்கடாவுக்குப் பெயரே ‘நிரப்புதலின் கடா’. பழைய மெசபடோமியாவின் அக்காத் மொழியிலும் கையை நிரப்புவது என்றால் ஒருவரிடம் ஒன்றை ஒப்படைப்பது. பிறகு நியாயாதிபதிகள் 17ஆம் அதிகாரத்தில் மீகா என்பவன் தன் வீட்டுச் சிலைகளுக்கு முதலில் சொந்த மகனின் கையையும், அப்புறம் வழியில் வந்த ஒரு லேவியனின் கையையும் நிரப்புகிறான். லேவியனுக்கு வருஷத்துக்குப் பத்து வெள்ளிக்காசு சம்பளம். கதை சொல்கிறவர் இந்தப் புனிதச் சொல்லை அங்கே நேராகச் சொல்கிறாரா, கிண்டலாகச் சொல்கிறாரா என்பதை நீங்களே படித்து முடிவு செய்யுங்கள்.

முன்னொட்டுகளைப் பொறுத்தவரை ‘பெ’, ‘மி’ என்ற இரண்டைத் தெரிந்துகொண்டால் பெரும்பகுதி முடிந்தது. பெயாத்: ஒருவருடைய வசத்தில், அல்லது ஒருவர் மூலமாக. ‘உன் அடிமைப்பெண் உன் கைக்குள் இருக்கிறாள்’ என்று ஆபிராம் சாராயிடம் சொல்வது முதல் வகை. மியாத்: ஒருவருடைய பிடியிலிருந்து.

ஆறாம் படி: அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள்

‘பலத்த கையும் ஓங்கிய புயமும்’ என்பது உபாகமத்தில் திரும்பத் திரும்ப வரும் தொடர். இதில் ஸெரோவா, புயம், எங்கிருந்து வந்தது? எகிப்தின் அமார்னாவில் 1887இல் களிமண் மடல்கள் கிடைத்தன. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் கானான் நகரங்களின் தலைவர்கள் பார்வோனுக்கு எழுதியவையும் அவற்றில் உண்டு. எருசலேமின் தலைவன் அப்தி-ஹெபா எழுதுகிறான்: என்னை இங்கே வைத்தது என் அப்பாவோ அம்மாவோ அல்ல, ராஜாவின் பலத்த புயம். அவன் எழுதியிருக்கும் சொல் ‘ஸுருஹ்’. நம் ஸெரோவாவின் உடன்பிறப்பு. பார்வோனின் புயம் என்பது எகிப்திய அரசப் புகழ்ச்சியின் வழக்கமான பேச்சு. அந்தப் பேச்சைப் பிடுங்கி பார்வோனையே வென்ற கடவுளுக்குச் சூட்டுகிறது உபாகமம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

‘கடவுளின் கை’ என்பதற்கும் அண்டை வீட்டில் சாட்சி உண்டு. மெசபடோமிய மருத்துவப் பலகைகளில் ‘இஷ்தாரின் கை’, ‘தெய்வத்தின் கை’ என்று நோய்களுக்கே பெயர். அமார்னா மடல் ஒன்றில் அலாஷியாவின், அதாவது சைப்ரஸின், ராஜா தன் நாட்டில் கொள்ளைநோய்த் தெய்வமான ‘நெர்காலின் கை’ ஆட்களைக் கொன்றுவிட்டது, அதனால்தான் செம்பு குறைவாக அனுப்புகிறேன் என்று சமாதானம் சொல்கிறான்.

ஏழாம் படி: ஒரு பகுதியை முழுதாகச் செய்து பாருங்கள்

1 சாமுவேல் 4 முதல் 6 வரை மூன்று அதிகாரங்கள் போதும். ஒரே மூச்சில் படித்துவிட்டு, யாத், கஃப் இரண்டையும் இரண்டு நிறத்தில் குறியிடுங்கள்.

போரில் தோற்ற இஸ்ரவேலர், உடன்படிக்கைப் பெட்டி வந்தால் எதிரிகளின் ‘கஃப்’பிலிருந்து நம்மை மீட்கும் என்கிறார்கள் (4:3). பெட்டி வந்த செய்தி கேட்ட பெலிஸ்தியர் இந்த மகத்துவமான தெய்வங்களின் ‘யாத்’திலிருந்து நம்மைக் காப்பாற்றுவார் யார் என்று அலறுகிறார்கள், எகிப்தை வாதித்தவர்கள் இவர்கள்தானே என்கிறார்கள் (4:8). ஆனால் பெலிஸ்தியரே வெல்கிறார்கள். பெட்டி பறிபோகிறது. வழியோரம் உட்கார்ந்திருந்த ஏலி, சேதி கேட்டு வாசலின் பக்கமாக மல்லாந்து விழுந்து சாகிறான். வழியின் ‘ஓரம்’, வாசலின் ‘பக்கம்’ இரண்டும் யாத். 4:13இல் எபிரேயப் பிரதியில் எழுதப்பட்ட வடிவம் ஒன்று, ஓரக்குறிப்பின்படி வாசிக்க வேண்டிய வடிவம் இன்னொன்று. யாத் என்பது வாசிக்கும் வடிவம். நான்காம் படியில் ஒதுக்கச் சொன்ன வகை இது. ஒதுக்கிவிடுங்கள்.

பெலிஸ்திய நகரமான அஸ்தோத்தில், அவர்கள் தெய்வமான தாகோனின் கோயிலில் பெட்டியை வைக்கிறார்கள். மறுநாள் தாகோன் முகங்குப்புற விழுந்துகிடக்கிறான், தூக்கி நிறுத்துகிறார்கள். அதற்கு மறுநாள் தலையும் ‘இரு கைகளின் உள்ளங்கைகளும்’ வெட்டுண்டு வாசற்படியில் கிடக்கின்றன (5:4). இங்கே கஃப், யாத் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அந்தக் காலத்தில் இது எப்படிக் காதில் விழுந்திருக்கும்? லக்சோரின் மெடினெட் ஹாபு கோயில் சுவரில், மூன்றாம் ராம்சேஸின் எழுத்தர்கள் வெட்டிய எதிரிக் கைகளைக் குவித்து எண்ணும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. பெலிஸ்தியரோடு போரிட்ட அதே ராம்சேஸ்தான். உகாரித் கதையில் அனாத் தேவி போர்க்களத்தில் தலைகளை முதுகில் கட்டிக்கொண்டு, உள்ளங்கைகளை இடுப்பில் தொங்கவிடுகிறாள். அங்கும் கஃப்பின் உறவுச்சொல்தான். தலையும் உள்ளங்கையும் போனால் போரில் செத்தவன் என்று பொருள். தாகோன் தன் சொந்தக் கோயிலிலேயே களத்தில் விழுந்த வீரனாகக் கிடக்கிறான்.

அடுத்து என்ன வருகிறது பாருங்கள். தாகோனுக்குக் கை இல்லாமல் போன உடனே, ‘யெகோவாவின் கை அஸ்தோத்தார்மேல் கனத்தது’ (5:6). அங்கிருந்து யாத் விடாமல் துரத்துகிறது: அவர் கை நம்மேல் கடினமாயிருக்கிறது (5:7), காத்தில் அவர் கை (5:9), எக்ரோனில் கை மிகவும் கனமாய் (5:11). ஆறாம் படியில் சொன்ன நோய்த் தெய்வங்களின் கை இங்கே உதவுகிறது. பெலிஸ்தியருக்குப் புரிகிற பாஷையிலேயே வாதை வருகிறது.

இப்போது வினையைக் கவனியுங்கள். ‘கனத்தது’ என்பதன் வேர் கா–பே–தா என்ற மூன்று மெய்கள். ‘காவேத்’ என்றால் கனமான. ஏலி விழுந்து கழுத்து முறிந்ததற்குக் காரணம் அவன் காவேத், உடல் பருத்தவன் (4:18). அவன் மருமகள் பிள்ளைக்கு இக்கபோத் என்று பேர் வைத்துச் சாகிறாள்: ‘காவோத்’, மகிமை, போய்விட்டது (4:21). மகிமையும் அதே வேர்தான். இஸ்ரவேலைவிட்டுப் போன அந்தக் கனம் அஸ்தோத்தில் கையாக இறங்குகிறது. கடைசியில் பெலிஸ்திய பூசாரிகள் சொல்கிறார்கள்: இஸ்ரவேலின் தேவனுக்குக் காவோத் கொடுங்கள், ஒருவேளை தம் கையை ‘இலகுவாக்குவார்’ (6:5). கனத்துக்கு எதிர்ச்சொல் இலகு. அடுத்த வசனத்திலேயே, எகிப்தியர் மாதிரி நீங்களும் ஏன் இருதயத்தைக் ‘கனமாக்கிக்கொள்கிறீர்கள்’ என்ற கேள்வி. அதுவும் அதே வேர். கையை மட்டும் எடுத்துவைத்துப் பொருள் தேடியிருந்தால் இதில் பாதிகூடக் கிடைத்திருக்காது.

பூசாரிகள் ஒரு சோதனையும் வைக்கிறார்கள். பசுக்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு பெத்ஷிமேசுக்குப் போனால் அவர் செய்தது. போகாவிட்டால் ‘நம்மைத் தொட்டது அவர் கை அல்ல’, தற்செயல் (6:9). கை என்ற உருவகத்தை இவ்வளவு நிதானமாகச் சந்தேகித்துப் பார்க்கிற இடம் அபூர்வம். அதையும் செய்கிறவர்கள் பெலிஸ்தியர்.

சிரியாவின் துரா-யூரோபஸில் 1932இல் ஒரு பழைய ஜெப ஆலயம் கண்டெடுக்கப்பட்டது, ஓவியங்கள் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. அதன் சுவரில் உடைந்து சிதறிய தாகோன் சிலையும் இருக்கிறது, எசேக்கியேலின் பள்ளத்தாக்கின்மேல் வானத்திலிருந்து நீளும் கடவுளின் கையும் இருக்கிறது. இணையத்தில் படங்கள் எளிதாகக் கிடைக்கும். ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பப் படியுங்கள்.

எதைத் தவிர்ப்பது

எபிரேய எழுத்துகளில் ‘யோத்’ என்பதன் பெயர் கையோடும், ‘காஃப்’ உள்ளங்கையோடும் தொடர்புடையவை; அது உண்மை. அதை வைத்து ‘இந்தச் சொல்லில் யோத் இருக்கிறது, ஆகவே இதில் கடவுளின் கை மறைந்திருக்கிறது’ என்று சொல்லும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. யோத் இல்லாத எபிரேய வாக்கியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வழியில் போனால் எதிலும் எதையும் கண்டுபிடிக்கலாம். போகாதீர்கள்.

இன்னொன்று, ஒரு வசனத்துக்கு எல்லாப் பொருளையும் ஒரேயடியாக ஏற்றாதீர்கள். ஆகாய் 1:1இன் பெயாத் வெறும் ‘மூலமாக’ மட்டுமே. அங்கே தீர்க்கதரிசியின் உள்ளங்கை ரேகையைத் தேட வேண்டியதில்லை.

அடுத்து எங்கே?

எளிதானதிலிருந்து தொடங்குங்கள்: யாத்திராகமம் 17:8–16. மோசேயின் கை உயர்ந்தால் இஸ்ரவேல் வெல்கிறது. அந்தக் கைகள் 17:12இல் என்ன ஆகின்றன என்று எபிரேய வேரைப் பாருங்கள். மேலே பார்த்த ஒரு வேர் அங்கே இருக்கும். அப்புறம் நியாயாதிபதிகள் 3:12–30. ஏகூத் பென்யமீனன், அதாவது பெயரிலேயே வலதுகை உள்ள கோத்திரம். ஆனால் இடதுகைப் பழக்கமுள்ளவன். மோவாபின் ராஜாவுக்குக் காணிக்கை அவன் ‘கையில்’ அனுப்பப்படுகிறது. அந்தக் கதையில் யாத் எத்தனை விதமாக வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நியாயாதிபதிகள் 8:6இல் சுக்கோத்தின் பிரபுக்கள் கிதியோனிடம், அவன் துரத்திவந்த மீதியானிய ராஜாக்களான சேபா, சல்முனாவின் கை உன் வசமாயிற்றோ என்று கேட்கிறார்கள். அந்த வாக்கியத்தில் கஃப் எது, யாத் எது என்று கண்டுபிடித்துவிட்டு, மெடினெட் ஹாபுவின் கைக்குவியலோடு வைத்துப் பாருங்கள். எசேக்கியேலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1:3, 3:14, 3:22, 8:1, 33:22, 37:1, 40:1 என்று ஏழு இடங்களில் கர்த்தருடைய கை அவன்மேல் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் வினை என்ன, அதற்கு அடுத்த வரியில் அவனுக்கு என்ன நடக்கிறது என்று இரண்டு பத்தி போட்டு எழுதினால் போதும்.